பாய்மரப் படகின் காக்பிட்டுக்கு விளக்கு: எது, எங்கே, எப்படி

கேள்வி சுருக்கமாக இது. எண்பதுகளில் கட்டிய 32 அடி ஃபைபர்கிளாஸ் பாய்மரப் படகு. 12 வோல்ட் பேட்டரி, வீல் ஸ்டியரிங், மேலே பிமினி என்ற துணிக்கூரை, முன்னால் தெறிக்கும் தண்ணீரைத் தடுக்கும் ஸ்ப்ரேஹூட். படகு லங்காவியில் நிற்கிறது. காக்பிட்டில், அதாவது உட்கார்ந்து ஓட்டும் திறந்த குழிவில், ஒரு விளக்குகூடக் கிடையாது. வார இறுதிகளில் நங்கூரம் போட்டு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அடுத்த ஆண்டு பினாங்கு, பங்கோர் வழியாகப் போர்ட் டிக்சன் வரை இரவிலும் ஓட்டிப் போக வேண்டும். சிவப்பு வாங்குவதா, வெள்ளையா? மெரினாவில் பக்கத்துப் படகில் எரியும் நீல எல்இடி ஸ்ட்ரிப் நன்றாக இருக்கிறதே, அது ஆகுமா? வயரை எங்கிருந்து எடுப்பது?

நிறத்தை முடிவு செய்வதற்கு முன் ஸ்விட்சுகளை முடிவு செய்யுங்கள். நங்கூரத்தில் நிற்கும்போது காக்பிட் உங்களுக்குச் சாப்பாட்டு அறை. தட்டில் இருக்கும் மீனில் முள் தெரிய வேண்டும். இரவில் ஓடும்போது அதே இடத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் காலடியில் கிடக்கும் கயிறும் படியும் தெரிந்தால் போதும். அவருடைய கண் வெளியே இருளில் இருக்க வேண்டும். இரண்டு தேவைகளும் நேர் எதிரானவை. இரண்டுக்கும் பொதுவாக ஒரு நடுத்தர விளக்கை வாங்கினால் சாப்பிடவும் வெளிச்சம் போதாது, ஓட்டவும் கண் கூசும். மூன்றாவதாக ஒரு தேவையும் உண்டு. மலாக்கா நீரிணையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் பெரும்பாலும் விடியலுக்கு முன் அடிக்கும் ‘சுமத்ரா’ புயற்காற்று வரும்போது பாயைச் சுருக்க வேண்டியிருக்கும், கயிறு இழுக்கும் உருளையான வின்ச்சில் கயிறு சிக்கிக்கொள்ளும். அப்போது பளிச்சென்று வெள்ளை வெளிச்சம் வேண்டும், உடனே வேண்டும்.

ஆகவே மூன்று தனித் தனி லைன், மூன்று ஸ்விட்ச். ஓடும்போது எரிய, காலடியில் மிக மங்கலான விளக்கு. நங்கூரத்தில் எரிய, பிமினிக்கு அடியில் இதமான மஞ்சள் கலந்த வெள்ளை. வேலைக்கென்று ஒரு பலமான வெள்ளை. மூன்றாவதை இருட்டில் தடவும்போது தவறுதலாக அழுத்திவிட முடியாத இடத்தில், வேறு வடிவ ஸ்விட்சாக வையுங்கள். மற்ற இரண்டும் கேபினுக்குள் இறங்கும் படியின் வாயிலேயே, காக்பிட்டில் இருந்தபடி கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். கீழே பேனல் வரை போய்த்தான் போட முடியும் என்றால், ஒரு மாதத்தில் யாரும் அதைத் தொட மாட்டார்கள். எல்லோரும் கைபேசி டார்ச்சை அடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அதுதான் இருப்பதிலேயே மோசமான காக்பிட் விளக்கு.

இப்போது நிறம். விழித்திரையில் இரண்டு வகை செல்கள் இருக்கின்றன. பகலுக்கும் நிறத்துக்கும் கூம்பு செல்கள். மங்கிய இருளுக்குக் குச்சி செல்கள். இருட்டுக்குள் வந்ததும் கூம்புகள் பத்து நிமிடத்தில் தங்களால் முடிந்த அளவு பழகிவிடும். குச்சிகளில் ரோடாப்சின் என்ற நிறமி மறுபடி சேர வேண்டும்; அதற்கு அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். அப்படிச் சேர்த்து வைத்ததைப் பலமான வெள்ளை வெளிச்சம் சில நொடிகளில் கலைத்துவிடும். குச்சி செல்களுக்கு 500 நானோமீட்டர் பக்கம், அதாவது நீலப்பச்சை வெளிச்சத்தில் உணர்வு அதிகம். 620-ஐத் தாண்டிய சிவப்பில் மிகவும் குறைவு. சிவப்பு விளக்கு வழக்கத்துக்கு வந்த காரணம் இதுதான். சரியான காரணம்தான். ஆனால் பாதிதான்.

மீதிப் பாதி, வெளிச்சத்தின் அளவு. பலமான சிவப்பு, மிக மங்கலான வெள்ளையைவிட அதிகமாகக் கண்ணைக் கெடுக்கும். கடையில் ‘நைட் விஷன்’ என்று எழுதி விற்கும் பல சிவப்பு விளக்குகள் புகைப்படம் பளிச்சென்று வருவதற்காகச் செய்தவை போல இருக்கின்றன. அப்புறம், சிவப்புக்கு அதற்கே உரிய தொல்லைகளும் உண்டு. காகித வரைபடத்தில் மெஜந்தா நிறத்தில் அச்சிட்டவை, அதாவது விளக்குக் குறிகள், கேபிள்கள், கப்பல் போக்குவரத்துப் பாதைகள் எல்லாம், சிவப்பு வெளிச்சத்தில் தாளோடு தாளாகக் கரைந்துவிடும். வரைபடம் கீழே மேசையில்தான் இருக்கிறது என்பீர்கள், சரி, கயிறுகள்? நீலப் புள்ளி போட்ட கயிறு மெயின் பாய்க்கு, பச்சைப் புள்ளி முன்பாயான ஜிப்புக்கு, சிவப்புப் புள்ளி பாயைச் சுருக்கும் ரீஃபுக்கு என்று பகலில் நிறம் பார்த்துப் பிரித்து வைத்திருப்பீர்கள். சிவப்பு வெளிச்சத்தில் நீலமும் பச்சையும் கறுத்து ஒன்றாகிவிடும், சிவப்புப் புள்ளி காணாமலே போகும். ஆகவே சிவப்பு போடுவதாக இருந்தால் கயிறுகளைப் பிடித்து நிறுத்தும் கிளட்சுகளில் எழுத்தால் பெயர் ஒட்டிவிடுங்கள்.

என் விருப்பத்தைக் கேட்டால், காலடி விளக்குக்குச் சிவப்பும் சரி, அம்பர் (ஆரஞ்சு கலந்த மஞ்சள்) நிறமும் சரி. எதுவானாலும் அநியாயத்துக்கு மங்கலாக இருக்க வேண்டும். அம்பரில் பொருள்கள் கொஞ்சம் இயல்பாகத் தெரியும், வயதான கண்ணுக்கு எளிது. ஆனால் குச்சி செல்களை அது சிவப்பைவிட அதிகமாகத் தொடும். அதனால் இன்னும் குறைத்து எரியவிட வேண்டும்.

நீலம் வேண்டாம். குச்சி செல்கள் நன்றாக உணரும் பகுதியில்தான் நீலம் வருகிறது, அதனால் இருட்டுப் பார்வையைக் கெடுப்பதில் அது முதல் வரிசை. நீல ஒளி கண்ணுக்குள் அதிகம் சிதறவும் செய்யும். போதாததற்குப் பல நாடுகளில் போலீஸ் படகுகள் சுழலவிடுவது நீல விளக்கு. மெரினாவில் கட்டி நிற்கும்போது யாருக்கும் தொந்தரவில்லை என்றால் வைத்துக்கொள்ளுங்கள். அது அலங்காரம், காக்பிட் விளக்கு அல்ல.

கடல் விதியையும் இங்கே பார்க்க வேண்டும், ஏனென்றால் விளக்கை எங்கே வைப்பது என்பதைத் தீர்மானிப்பது அதுதான். 1972-ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் 20-ஆவது விதி, சூரிய அஸ்தமனத்திலிருந்து உதயம் வரை விதித்த விளக்குகளைத் தவிர வேறு விளக்கு காட்டக் கூடாது என்கிறது. விலக்கு ஒன்று தருகிறது: அந்த விளக்குகளோடு குழப்பிக்கொள்ள முடியாததாக, அவற்றின் தெரிவைக் குறைக்காததாக, கண்காணிப்புக்குத் தடையாக இல்லாததாக இருந்தால் காட்டலாம். காக்பிட் விளக்கு வாழ்வது இந்த விலக்குக்குள்தான்.

நடைமுறையில் இதற்கு என்ன அர்த்தம் என்று பாருங்கள். உங்கள் படகின் இடப்பக்கத்தில் சிவப்பு, வலப்பக்கத்தில் பச்சை. ஒவ்வொன்றும் நேர் முன்னாலிருந்து 112.5 பாகை வரை தெரியும். பின்னால் வெள்ளை, 135 பாகை. ஒரு கப்பல் உங்கள் வலப்பக்கத்தில் வருகிறது. அதன் மேடையில் நிற்பவருக்கு உங்கள் பச்சை தெரிகிறது. காக்பிட்டில் நீங்கள் பளிச்சென்று போட்டிருக்கும் சிவப்பும் சேர்ந்து தெரிந்தால், அவர் பார்ப்பது பச்சையும் சிவப்பும் ஒன்றாக. அதாவது உங்கள் முகப்பு நேராக அவரை நோக்கி இருக்கிறது என்று படிப்பார். நீங்களோ குறுக்கே போய்க்கொண்டிருப்பீர்கள். பச்சையில் காக்பிட் விளக்கு போட்டால் இதே குழப்பம் மறுபக்கம். வெள்ளை போட்டால் பின்விளக்கு என்று நினைத்து, உங்களைப் பின்னாலிருந்து முந்திக்கொண்டிருப்பதாகக் கணக்குப் போடுவார். நீரிணையில் எந்த விதிக்கும் அடங்காத நிறங்களில் மின்னும் மீன்பிடிப் படகுகளும் வலை மிதவைகளும் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன. கப்பல்காரர்களுக்கு நாமும் ஒரு புதிர் போட வேண்டாம்.

ஆகவே விதி ஒன்றுதான்: எரியும் புள்ளி படகுக்கு வெளியே இருந்து யாருக்கும் தெரியக் கூடாது, உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கும் நேராகத் தெரியக் கூடாது. தரையில் விழுந்து சிதறும் வெளிச்சம் மட்டும் தெரியலாம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு காக்பிட்டைச் சுற்றிப் பார்த்தால் இடங்கள் தானாகவே கிடைக்கும். பெஞ்சுகளின் விளிம்பு கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் அடியில், கீழ்நோக்கி, பக்கத்துக்கு இரண்டு. படி வாயிலுக்குக் கீழே, முழங்காலுக்கும் தாழ்வாக ஒன்று. உங்கள் படகில் வீலைத் தாங்கும் தூணான பெடஸ்டல் இருப்பதால் அதன் பின்பக்க அடியில் ஒன்று வைத்தால் ஓட்டுபவரின் கால் பகுதி தெரியும். இவை ஆறும் சேர்ந்து ஒன்று, ஒன்றரை வாட்டுக்கு மேல் தின்ன வேண்டியதில்லை.

நங்கூரத்தில் சாப்பிடும்போது எரியும் விளக்கைப் பிமினியின் அடியில், குழாய்ச் சட்டத்தை ஒட்டி வைப்பது நல்லது. நிறம் 2700 முதல் 3000 கெல்வின் வரை உள்ள வெதுவெதுப்பான வெள்ளை. 6000 கெல்வின் வெள்ளை ஆஸ்பத்திரி வராந்தாவை நினைவூட்டும். பூச்சிகளும் அதைத் தேடி வரும். அலையாத்திக் காட்டை ஒட்டி நங்கூரம் போடுகிறவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றை மறக்காதீர்கள்: பிமினி விளக்கை ஓடும்போது ஒருபோதும் போடக் கூடாது. மேலிருந்து விழும் வெளிச்சம் ஸ்ப்ரேஹூட்டின் பிளாஸ்டிக் ஜன்னலில் பட்டுத் திரும்பும். அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது. உங்கள் முகம்தான் தெரியும். வேலை விளக்கை ஸ்ப்ரேஹூட்டின் பின் சட்டத்தில், வின்ச்சுகளைப் பார்த்தபடி, மேல் மறைப்போடு வையுங்கள்.

துளை போடுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். விளக்குகளை மாஸ்கிங் டேப்பால் தற்காலிகமாக ஒட்டி, ஒரு சிறிய பேட்டரியில் இணைத்து, நிலா இல்லாத இரவில் நங்கூரத்தில் நின்று பாருங்கள். இருபது, முப்பது நிமிடம் இருட்டில் இருந்துவிட்டு காலடி விளக்கைப் போடுங்கள். ஓட்டுபவர் இடத்தில் உட்கார்ந்து முன்னால் பார்க்கும்போது அடிவானம் இன்னும் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் வெளிச்சம் அதிகம். பிறகு டிங்கியில் (கூட வரும் சிறு படகில்) ஏறிப் படகைச் சுற்றி ஐம்பது மீட்டர் தள்ளி ஒரு சுற்று வாருங்கள். எங்காவது ஒரு கோணத்தில் விளக்கின் புள்ளி குத்துகிறதா என்று பாருங்கள். அப்படிப் பார்க்கும்போதே இன்னொன்றும் தெரியவரும்: பெரும்பாலான படகுகளில் காக்பிட்டில் மிகப் பிரகாசமான பொருள் விளக்கு அல்ல, மின்னணு வரைபடம் காட்டும் சார்ட் பிளாட்டரின் திரை. அதை இரவு முறைக்கு மாற்றி, கடைசி அளவு வரை குறைத்த பிறகுதான் மற்ற விளக்குகளைப் பற்றிப் பேசுவதில் அர்த்தம் இருக்கிறது. இரவில் பாயில் மட்டும் ஓடும்போது, மாஸ்ட் உச்சியில் மூவர்ண விளக்கு (பக்கவிளக்கு இரண்டும் பின்விளக்கும் ஒன்றாகச் சேர்ந்தது) வைத்திருந்தால் அதைப் போடுங்கள். 20 மீட்டருக்குக் குறைந்த பாய்மரப் படகுக்கு விதி அதை அனுமதிக்கிறது. முன் கம்பியில் இருக்கும் பக்கவிளக்குகளின் சிதறல் கண்ணில் படாமல் போகும். இன்ஜின் ஓடினால் இது கூடாது, பழைய விளக்குகளுக்குத் திரும்ப வேண்டும்.

இனி விளக்கை வாங்குவது. படகில் ‘12 வோல்ட்’ என்பது பெயரளவுக்குத்தான். பேட்டரி இறங்கியிருக்கும்போது பதினொன்றுக்குக் கீழே போகும். ஆல்டர்னேட்டரோ சோலாரோ சார்ஜ் செய்யும்போது 14.4 வரை ஏறும். சாதாரண எல்இடி ஸ்ட்ரிப்பில் மூன்று எல்இடிகளும் ஒரு ரெசிஸ்டரும் தொடராக இருக்கும். மூன்று வெள்ளை எல்இடிகள் ஒன்பது வோல்ட் சொச்சத்தை எடுத்துக்கொள்ளும். மீதியை ரெசிஸ்டர் சுமக்கும். 12 வோல்ட்டில் அந்த மீதி மூன்றுக்குச் சற்றுக் குறைவு, 14.4-இல் ஐந்துக்கு மேல். எல்இடியின் பங்கு அவ்வளவாக மாறாது என்பதால் மின்னோட்டம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. வீட்டு ஷெல்ஃபுக்கு வாங்கிய ஸ்ட்ரிப் படகில் ஒரு சீசனில் பழுப்பேறிச் சாவதற்கு உப்புக் காற்றைவிட இதுதான் பெரிய காரணம். ஆகவே உள்ளேயே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவர் உள்ள விளக்காகப் பாருங்கள். அட்டையில் ‘10–30 வோல்ட்’ என்பது போல ஒரு வீச்சு எழுதியிருக்கும். வெறும் ‘12 வோல்ட்’ என்று மட்டும் இருந்தால் சந்தேகப்படலாம்.

டிரைவருக்கும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மலிவான டிரைவர் ரேடியோ இரைச்சலைக் கிளப்பும். அமெரிக்கக் கடலோரக் காவல் படை 2018-இல் இதற்கென்றே ஒரு பாதுகாப்பு எச்சரிக்கை வெளியிட்டது: எல்இடி விளக்குகளால் விஎச்எஃப் ரேடியோவும், கப்பல்களின் இருப்பிடத்தை அறிவிக்கும் ஏஐஎஸ்ஸும் கேட்கும் தூரம் குறைந்துபோகலாம் என்று. சோதிக்கும் வழியையும் அதிலேயே சொன்னார்கள். ரேடியோவை அமைதியான ஒரு சேனலில் வைத்து, இரைச்சல் கேட்கும் வரை ஸ்க்வெல்ச்சை (இரைச்சலை அடக்கும் திருகை) குறைத்து, இரைச்சல் நிற்கும் இடத்துக்குச் சற்று மேலே திருப்பி நிறுத்துங்கள். இப்போது விளக்கைப் போடுங்கள். ரேடியோ மறுபடி இரைந்தால் குற்றவாளி விளக்குதான். இதை மேலே சொன்ன டேப் சோதனையோடு சேர்த்தே செய்துவிட்டால், இரைச்சல் போடும் விளக்கைக் கடையில் திருப்பிக் கொடுக்க முடியும். துளை போட்ட பிறகு கொடுக்க முடியாது.

டிம்மர் வாங்கும்போது அதன் கடைசி எல்லையைப் பாருங்கள். பல டிம்மர்கள் பத்து சதவீதத்துக்குக் கீழே இறங்குவதில்லை. இருண்ட கடலில் அந்தப் பத்தே அதிகம். தவிர, டிம்மர் என்பது விளக்கை நொடிக்குப் பல நூறு முறை அணைத்து ஏற்றும் கருவி, அதுவும் இரைச்சல் போடலாம். காலடி லைனுக்கு நான் டிம்மரே வைப்பதில்லை. ரெசிஸ்டர் வகைச் சின்ன எல்இடித் துண்டு ஒன்றுக்கு ஒரு ரெசிஸ்டரைக் கூடுதலாகத் தொடரில் போட்டு, சில நூறு ஓம் முதல் ஒரு கிலோ ஓம் வரை மாற்றி மாற்றிப் பார்த்தால், கண்ணுக்குப் பிடித்த மங்கல் கிடைத்துவிடும். இவ்வளவு குறைந்த மின்னோட்டத்தில் ஓடும் எல்இடிக்கு 14.4 வோல்ட்டும் ஒன்றும் செய்யாது. டிரைவர் உள்ள விளக்கில் இந்த வித்தை செல்லாது; மினுக்க ஆரம்பிக்கும்.

ஸ்ட்ரிப் வேண்டவே வேண்டாமா என்றால், பிமினிக்கு அடியில் போடலாம். அலுமினியச் சானலில், மேலே பால் நிற மூடியோடு. பின்னால் இருக்கும் பசையை மட்டும் நம்பாதீர்கள், மலேசிய வெயிலில் அது இளகித் தொங்கும். வெட்டிய முனையை ஹீட் ஷ்ரிங்க்கும் சீலன்ட்டும் போட்டு அடைக்காவிட்டால் உப்பு நீர் உள்ளே ஏறிச் செம்பைப் பச்சையாக்கிவிடும்.

நீர் புகாமையைக் காட்டும் ஐபி எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் முக்கினாலும் தண்ணீர் போகாது. ஆனால் அது தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும் சோதனையையும் தாண்டியது என்று பொருளல்ல. அதற்கு ஐபி65 அல்லது 66 தனியாக வேண்டும். காலடி விளக்கு அலையிலும் நனையும், நீங்கள் ஹோஸ் பிடித்துக் கழுவும்போதும் நனையும். இரண்டு எண்ணும் போட்டிருந்தால் நிம்மதி. திருகாணிகள் 316 தர ஸ்டெயின்லெஸ் ஆக இருக்கட்டும். 304 தேநீர் நிறத்தில் கறை விடும்.

வயரிங்கில்தான் பெரும்பாலான காக்பிட் விளக்குகள் சாகின்றன, ஆகவே பணத்தை இங்கே செலவழியுங்கள். வெள்ளீயம் பூசிய பல இழைச் செம்பு வயர், இரட்டை உறை போட்டது, 1.5 சதுர மில்லிமீட்டர். மின் அழுத்தக் குறைவைக் கணக்குப் போட்டால் இது தேவைக்கு அதிகம்தான். பேனலிலிருந்து எட்டு மீட்டர் போய் எட்டு மீட்டர் திரும்பினாலும், அரை ஆம்பியருக்குச் சுமார் 0.1 வோல்ட்தான் குறையும். அமெரிக்காவின் படகுத் தர அமைப்பான ஏபிஒய்சியின் தரநிலை இத்தகைய விளக்குக்குப் பத்து சதவீதம் வரை விட்டுக்கொடுக்கிறது. தடித்த வயரைச் சொல்வது பலத்துக்காக. மெல்லிய வயர் லாக்கரில் எறியும் ஃபெண்டருக்கும் (மோதல் தாங்கும் மெத்தைக்கும்) நங்கூரச் சங்கிலிக்கும் தாங்காது.

லைனை எங்கிருந்து எடுப்பது என்று கேட்டீர்கள். பேனலில் உபரியாக இருக்கும் ஒரு பிரேக்கரிலிருந்து. வழிகாட்டு விளக்குகளின் லைனிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். பின்விளக்கு வயர் காக்பிட்டுக்குப் பக்கத்திலேயே ஓடும், அதைக் கீறி ஒட்டினால் பத்து நிமிட வேலை. ஆனால் காலடியில் ஒரு விளக்குக்குள் நீர் புகுந்து ஷார்ட் ஆகும் இரவில், பக்கவிளக்கும் பின்விளக்கும் சேர்ந்து அணையும், கப்பல் பாதையின் நடுவில். பிரேக்கருக்குப் பின் சிறு ஃப்யூஸ் பெட்டி ஒன்று வைத்து மூன்று லைனையும் பிரியுங்கள். ஃப்யூஸ் வயரைக் காப்பதற்காக, விளக்கைக் காப்பதற்காக அல்ல. விளக்கோடு வரும் வால் வயர் தலைமுடி போல மெல்லியது, அதற்குப் பத்து ஆம்பியர் பிரேக்கர் ஒரு பாதுகாப்பே இல்லை. லைனுக்கு ஒன்றோ இரண்டோ ஆம்பியர் ஃப்யூஸ் போதும். நெகட்டிவ் வயரை அருகில் இருக்கும் இன்ஜினிலோ கம்பியிலோ முடியாமல், நெகட்டிவ் பஸ்பார் (எல்லா நெகட்டிவ் வயரும் சேரும் பட்டை) வரை கொண்டுபோக வேண்டும். பெடஸ்டலிலும் பின் கம்பியிலும் கசியும் மின்னோட்டம் உலோகத்தை அரிக்கும்.

இணைப்புகளுக்குப் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் கிரிம்ப், நல்ல ராட்செட் கிரிம்பரால். இழுத்துப் பாருங்கள், வந்துவிட்டால் வந்ததே நல்லது. முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றுவது கரையில் சரி, படகில் அது பசையைக் கக்கி உப்பை உள்ளே வைத்துக்கொள்ளும். சால்டரை மட்டும் நம்பிய இணைப்பும் வேண்டாம். அதிர்வில் சால்டர் முடியும் இடத்தில் இழை ஒடியும், ஏபிஒய்சியும் சால்டரை ஒரே பிடிப்பாக ஏற்பதில்லை. விளக்குக்குள் நுழையும் முன் வயர் ஒரு வளைவு கீழே தொங்கி மேலே ஏறட்டும், ஒழுகும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

துளை. முதலில் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று லாக்கருக்குள் தலையை விட்டுப் பாருங்கள். ஸ்டியரிங் கேபிள், டீசல் குழாய், யாரோ தூங்கும் பெர்த், எதுவும் இருக்கலாம். சமையல் கேஸ் சிலிண்டர் வைத்திருக்கும் லாக்கருக்குள் ஸ்விட்ச், ஃப்யூஸ், இணைப்பு எதுவும் கூடாது. வயர்கூட அதன் வழியே போகாமல் சுற்றிப் போகட்டும். பெஞ்சின் மேல்தளம் பெரும்பாலும் பால்சா மரமோ பிளைவுட்டோ வைத்த சாண்ட்விச். செங்குத்துப் பக்கங்கள் பல படகுகளில் கெட்டி ஃபைபர். ஏற்கெனவே இருக்கும் ஒரு துளையின் விளிம்பைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். சாண்ட்விச்சாக இருந்தால் பெரிதாகத் துளைத்து, உள்ளே மரத்தைச் சுரண்டி, கெட்டியாக்கிய எப்பாக்ஸியால் நிரப்பி, அது இறுகிய பின் நடுவில் சரியான அளவில் மறுபடி துளைக்க வேண்டும். சோம்பலாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு திருகாணித் துளை வழியாக நீர் இறங்கிப் பெஞ்சின் மரம் முழுக்க மக்கிப்போன படகுகள் எந்த யார்டிலும் கிடைக்கும். இதனாலேயே காலடிக்குப் பதிக்கும் விளக்கைவிட மேலே ஒட்டினாற்போல் உட்காரும் விளக்கைப் பரிந்துரைப்பேன்: முப்பது மில்லிமீட்டர் ஓட்டைக்குப் பதில் வயர் போக ஐந்து மில்லிமீட்டர் போதும். ஜெல்கோட் சில்லு பெயராமல் இருக்க டேப் ஒட்டி, டிரில்லை முதலில் பின்னோக்கிச் சுழலவிட்டு மேற்பூச்சைத் தாண்டுங்கள். அடைக்க பியூட்டைல் டேப் நல்லது, நாளைக்கு விளக்கு போனால் கழற்ற முடியும். 3எம் 5200 என்ற நிரந்தரப் பசை போட்டு ஒட்டினால் விளக்கோடு ஜெல்கோட்டும் வரும். சிலிக்கோன் வேண்டாம், அது தங்கிய இடத்தில் பிறகு எதுவும் ஒட்டாது. பாலிசல்ஃபைடு சில பிளாஸ்டிக் லென்சுகளை விரிசல்விட வைக்கும்.

பெடஸ்டலில் வயர் ஏற்றும்போது மேலே காம்பஸ் இருப்பதை நினைவில் வையுங்கள். பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கி ஏற்றினால் அவற்றின் காந்தப்புலம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டுவிடும். முடித்த பின், படகு கட்டி நிற்கும்போது காம்பஸைப் பார்த்தபடி ஒவ்வொரு விளக்காகப் போட்டு அணையுங்கள். அட்டை அசையக் கூடாது. காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் கழற்று விளக்குகளைப் பெடஸ்டல் பக்கமே கொண்டுவர வேண்டாம்.

மின்செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். லங்காவியில் ஆண்டு முழுக்க இரவு ஏறக்குறைய 12 மணி நேரம். ஒன்றேகால் வாட் காலடி விளக்கு இரவெல்லாம் எரிந்தாலும் ஒன்றேகால் ஆம்பியர் மணிதான் ஆகும். பழைய 10 வாட் ஹாலஜன் அதே நேரத்தில் பத்தைத் தின்றிருக்கும். நங்கூரத்தில், அங்கே நிற்பதைக் காட்டும் மாஸ்ட் உச்சி நங்கூர விளக்கோடு காலடி விளக்கையும் சேர்த்து எரியவிடுங்கள். தண்ணீர் மட்டத்தில் டிங்கியில் வருபவர்கள் அண்ணாந்து மாஸ்ட் உச்சியைப் பார்ப்பதில்லை. ஆனால் காலடி விளக்கு அந்த நங்கூர விளக்குக்குப் பதிலாகாது.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாவிட்டால் முதலில் மூன்று லைனுக்கும் வயர், ஃப்யூஸ், ஸ்விட்ச் போட்டு முடித்துவிட்டு, காலடியில் இரண்டே விளக்கை மட்டும் பொருத்துங்கள். பிமினிக்கு இப்போதைக்குக் கொக்கியில் மாட்டும் சார்ஜ் விளக்கு போதும். வேலை விளக்குக்குப் பதில் ஆளுக்கொரு ஹெட்லேம்ப் வாங்கிக்கொள்ளலாம். சிவப்பு பட்டனும் வெள்ளை பட்டனும் தனித் தனியாக இருக்கும் வகையாகப் பாருங்கள். ஒரே பட்டனை அழுத்தி அழுத்தி வெள்ளையைத் தாண்டித்தான் சிவப்புக்குப் போக முடியும் என்ற வகை வேண்டாம். அதை மாட்டியவர் திரும்பிப் பேசும் ஒவ்வொரு முறையும் கண்காணிப்பில் இருப்பவர் இருட்டுக்குப் பழகிய அரை மணி நேரம் வீணாகும்.